காடு யாரைக் குணப்படுத்துகிறது?

சில மாதங்களுக்கு முன் ஒரு சுற்றுலா நிறுவனத்திடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன மலையை ஒட்டி மூன்று நாள் 'காட்டு நல முகாம்' ஒன்றைத் தொடங்க இருக்கிறார்களாம். அதற்கான கையேட்டில் சேர்க்கச் சோளகர் மொழியில் நாற்பது மூலிகைப் பெயர்களும் ஒவ்வொன்றின் பயனும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சொல்லுக்கு இவ்வளவு என்று தொகையும் குறித்திருந்தார்கள். ஆய்வு உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாகும் காலத்தில் அது எளிதாகத் தள்ளிவிடக்கூடிய தொகையாக இல்லை. ஆயினும் நான் பட்டியலைக் கொடுக்கவில்லை. "பழங்குடி மக்களுக்கு நாலு காசு வரும் வழியை ஆய்வாளர்களாகிய நீங்களே அடைக்கிறீர்கள்" என்று நண்பர் ஒருவர் கோபித்துக்கொண்டார். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே அவருக்கும் மற்றவர்களுக்குமாகச் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பிலிகிரிரங்கன மலை சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் பாலம்போல் அமைந்த மலை அது. அடிவாரத்தில் முட்புதர்க் காடு. ஏற ஏற இலையுதிர்க் காடு. உயரத்தில் பசுமைமாறாக் காடும் புல்வெளியும். இங்கு வாழும் சோளகரைக் கன்னடத்தில் சோலிகர் என்பார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் தாளவாடியிலும் பர்கூர் மலையிலும் இவர்கள் வாழ்கிறார்கள். 2004இல் வெளிவந்த ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவலைப் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் மறந்திருக்காது.

மலையுச்சிக் கோயிலில் இருக்கும் ரங்கநாதர், குசுமாலை என்ற சோளகப் பெண்ணை மணந்தார் என்பது இம்மக்களின் கதை. அதனால் அந்தத் தெய்வம் அவர்களுக்கு 'பாவ', அதாவது அத்தான் முறை. குறவர் மகள் வள்ளியை மணந்த முருகனை அறிந்த நமக்கு இந்த உறவுமுறை விளங்காததல்ல. வெளியிலிருந்து வந்த தெய்வம்கூட இம்மலையில் ஓர் உறவுக்குள் நுழைந்த பிறகே நிலைத்திருக்கிறது. எந்த உறவுமுறையும் இல்லாமல் மூன்று நாள் வந்து, நலம் பெற்றுத் திரும்பிப் போவது எப்படி என்பதே இன்று நம் முன் இருக்கும் கேள்வி.

காட்டு நலச் சுற்றுலாவுக்கு நான் எதிரி அல்லள். 1982இல் ஜப்பானின் வனத்துறை 'காட்டுக் குளியல்' என்ற பொருள்படும் 'ஷின்ரின் யோகு' என்ற சொல்லை அறிமுகப்படுத்தியது. நீரில் குளிப்பதுபோலக் காட்டின் காற்றிலும் ஒளியிலும் ஒலியிலும் தோய்ந்து நடத்தல் என்பது அதன் கருத்து. மரங்களிடையே மெதுவாக நடந்தவர்களின் இரத்த அழுத்தமும் உளைச்சலைக் காட்டும் கார்ட்டிசால் அளவும் சற்றுக் குறைவதைப் பல சிறு ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. அந்த விளைவு எத்தனை நாள் நீடிக்கும் என்பது வேறு கேள்வி. இந்தியாவில் 2021 மார்ச் மாதம் உத்தராகண்ட் வனத்துறையின் ஆய்வுப் பிரிவு ராணிகேத் அருகிலுள்ள காலிகாவில், ஊசியிலைக் காட்டுக்குள், சுமார் 13 ஏக்கரில் ஒரு வன நல மையத்தைத் திறந்தது. மரத்தைத் தழுவி நிற்பது, வெறுங்காலுடன் நடப்பது, கண்மூடி அமர்வது ஆகியவை அங்கு நடைபெறுகின்றன. கைப்பேசியும் நெரிசலும் தின்று தீர்த்த மனிதருக்கு இது நல்லதே. இதற்கு எந்த மூலிகைப் பெயரும் தேவைப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

ஆனால் காலிகாவில் செய்வதை அப்படியே பிலிகிரிக்குக் கொண்டுவர முடியாது. இங்கே கண்மூடி அமர்ந்தால், பத்தடி தள்ளி மூங்கில் புதருக்குள் யானை நிற்பது தெரியாமலே போகலாம். ஒடிந்த கிளையின் ஈரத்தையும், குரங்கின் குரல் மாறுவதையும் வைத்து, "இன்றைக்கு இந்த வழி வேண்டாம்" என்று சொல்லக்கூடியவர் உடன் இருந்தால்தான் நடைக்கே உத்தரவாதம். அப்படிப்பட்டவர் பெரும்பாலும் சோளகராகவே இருப்பார். முகாம்களின் விளம்பரப் படங்களில் காடு இருக்கிறது, பயணி இருக்கிறார், மூடுபனி இருக்கிறது. வழிகாட்டுபவர் மட்டும் இருப்பதில்லை. 'காடு குணப்படுத்துகிறது' என்ற வாக்கியத்துக்கு எழுவாய் காடு. மொழியியல் மாணவிக்கு எழுவாயைத் தேடுவது பழகிப்போன வேலை. இந்த வாக்கியத்தில் காட்டை எழுவாயாக வைத்த கையோடு மனிதரை வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

காடு குணப்படுத்த மட்டும் செய்வதுமில்லை. 1957இல் இதே கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கியாசனூர் காட்டுப்பகுதியில் குரங்குகள் செத்து விழுந்தன. மக்களுக்குக் கடுங்காய்ச்சல் வந்தது. உண்ணிகள் பரப்பும் அந்த நோய் கியாசனூர் காட்டு நோய் என்றே பெயர் பெற்றது. நம் பக்கம் குரங்குக் காய்ச்சல் என்பார்கள். 2012ஆம் ஆண்டு முதல் பண்டிப்பூர், நீலகிரி, வயநாடு என்று அது தெற்கே நகர்ந்திருக்கிறது. அந்த நோய் தலைகாட்டுவது பெரும்பாலும் டிசம்பர் முதல் மே வரையிலான வறண்ட மாதங்களில். பயணிகள் மலைக்கு வருவதும் அதே மாதங்களில்தான். பயணிக்குக் கணுக்கால் மூடிய உடையும் பூச்சி விரட்டியும் போதும். இடர் தெரிந்தால் பயணத்தையே தள்ளிப்போடலாம். விறகுக்கும் தேனுக்கும் தினமும் உள்ளே போகிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 'நலம் தரும் காடு' என்று எழுதும் கையேடு உண்ணியைப் பற்றி ஒரு வரி எழுதாவிட்டால், அது பயணிக்கும் நேர்மையாக இல்லை, அங்கே வாழ்பவருக்கும் நேர்மையாக இல்லை.

இனிப் பெயர்களுக்கு வருகிறேன். கள ஆய்வின் தொடக்க நாட்களில் ஒரு செடியைக் காட்டி, "இது எதற்கு மருந்து, அஜ்ஜி?" என்று ஒரு மூதாட்டியிடம் கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "யாருக்கு, மகளே?" குழந்தைக்கா, பிள்ளை பெற்றவளுக்கா, கிழவருக்கா? மழைக்கு முன் பறித்ததா, பின் பறித்ததா? வேரா, இலையா? இவையெல்லாம் தெரியாமல் அவர் பயனைச் சொல்லமாட்டார். செடி ஒன்றுக்குப் பெயர் ஒன்று, பயன் ஒன்று என்று நான் கட்டம் போட்டு எடுத்துச் சென்ற அட்டவணைக்குள் அவரது அறிவு அடங்கவில்லை. கையேடு கேட்கும் 'நாற்பது பெயர், நாற்பது பயன்' என்ற வடிவமும் அதே கட்டம்தான்.

பெயர்களில் இருப்பது மருந்து மட்டுமல்ல. அடர்ந்த பசுமைமாறாக் காட்டை இவர்கள் 'கானு' என்கிறார்கள். நம் 'கான்', 'கானகம்' ஆகியவற்றின் உடன்பிறப்பு. பாறையில் பெரிய அடை கட்டும் மலைத்தேனீ 'ஹெஜ்ஜேனு', அதாவது பெருந்தேன். கன்னட 'ஜேனு'வும் நம் 'தேனு'ம் ஒரே வேரினவை. இந்தச் சொற்களைக் கேட்கும்போது தமிழ்க் காதுக்கு அவை அயலாகத் தோன்றுவதில்லை. ஆனால் மரக்கிளையில் ஒட்டி வளரும் புல்லுருவிக்கு அவர்கள் வழங்கும் 'உப்பிலு' என்ற சொல்தான் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது.

1974இல் இம்மலை வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டுக்குள் இடம் மாறி மாறிப் பயிர் செய்து வாழ்ந்த சோளகர், 'போடு' எனப்படும் நிலையான குடியிருப்புகளில் அமர்த்தப்பட்டார்கள். கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு இடும் சிறு தீயும் தடை செய்யப்பட்டது. அந்தத் தீ நின்ற பிறகு நெல்லி மரங்களில் உப்பிலு பெருகி மரங்கள் சாகின்றன என்றும், நாம் உண்ணிச்செடி என்று அழைக்கும் லாண்டானா காட்டின் தரையையே மூடிவிட்டது என்றும் சோளகர் சொல்லிவந்தார்கள். சூழலியலாளர்கள் பின்னர் அவர்களோடு சேர்ந்து ஆய்வு செய்து, நெல்லி மரங்களின் அழிவில் புல்லுருவிக்கு உள்ள பங்கு குறித்து அவர்கள் சொன்னதைக் கவனத்துக்குரியது என்று எழுதினார்கள். ஆக 'உப்பிலு' என்ற ஒரு சொல்லுக்குள் மரத்தின் நலம், தீயின் அளவு, நிலத்தின் வரலாறு மூன்றும் இருக்கின்றன. நலச் சுற்றுலாவின் கையேட்டில் இச்சொல் ஒருபோதும் இடம்பெறாது. ஏனென்றால் அது எந்தப் பயணியின் நோயையும் தீர்ப்பதில்லை. காட்டின் நோயைக் குறிக்கும் சொல் அது. காடு நலமாக இருந்தால்தானே அது பிறருக்கு நலம் தர முடியும்?

இப்படிப்பட்ட அறிவை எடுத்துக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்பதற்கு நம் அருகிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1987இல் அகத்தியமலைக் காட்டில் தாவரவியலாளர் புஷ்பாங்கதனின் குழுவுக்கு வழிகாட்டிய காணிக்காரர்கள், ஏதோ ஒரு சிறு கனியைத் தின்றபடி களைப்பின்றி நடந்தார்கள். அந்தச் செடியே ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூரின் ஆர்ய வைத்திய பார்மசிக்கு அதன் உற்பத்தி உரிமை 10 லட்சம் ரூபாய்க் கட்டணத்துக்கும் 2 விழுக்காடு பங்குத்தொகைக்கும் வழங்கப்பட்டது. அதில் பாதி காணி மக்களுக்கு என்று நிறுவனம் முடிவு செய்தது; 1997இல் அதற்காக ஓர் அறக்கட்டளையும் பதிவானது. பயன் பகிர்வுக்கு முன்மாதிரி என்று உலகம் முழுவதும் இது பேசப்பட்டது. பாராட்டப்பட வேண்டியதே.

எனினும் அதே 1995இல், காணி மக்களின் வைத்தியர்களான பிலாத்திகள் ஒன்பது பேர் தங்கள் அறிவைத் தனியாருக்கு விற்பதை எதிர்த்துக் கேரள முதலமைச்சருக்குக் கடிதம் எழுதினார்கள். வழிகாட்டியவர்கள் சிலர், அறிவைக் காத்துவந்தவர்கள் வேறு சிலர், அவர்களிடம் முன்கூட்டி யாரும் கேட்கவில்லை. செடியைப் பயிரிட்டு இலையை விற்பதிலும் வனத்துறையுடன் சிக்கல் எழுந்தது. பங்கு எவ்வளவு என்பது பின்னால் வர வேண்டிய கேள்வி. யாரைக் கேட்டோம் என்பதே முதலில் வர வேண்டியது. ஜீவனி நமக்கு விட்டுச்சென்ற பாடமாக நான் இதைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

சுற்றுலாவிலேயே வேறு வழியும் உண்டு. குமுளியை ஒட்டிய பெரியாறு புலிகள் காப்பகத்தில், ஒருகாலத்தில் வயணா மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள் தொண்ணூறுகளின் இறுதியில் ஒரு குழுவாகத் திரட்டப்பட்டார்கள். இன்று பயணிகளைச் சிறு குழுக்களாகக் காட்டுக்குள் அழைத்துச் செல்பவர்களும், அதே நடையில் காட்டைக் காவல் காப்பவர்களும் அவர்களே. மன்னான், பளியர் ஆகிய பழங்குடி மக்களுக்கும் தனித்தனிக் குழுக்கள் உள்ளன. மன்னான் மக்கள் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்று சொல்பவர்கள். அவர்கள் பேச்சில் தமிழின் சாயல் நன்றாகத் தெரியும். பெரியாற்றிலும் குறைகள் உண்டு. ஆயினும் எத்தனை பேரை அழைத்துப்போகலாம் என்ற வரம்பு அங்கே இருக்கிறது. வருவாய் குழுவின் வழியே போகிறது. வழி தெரிந்தவர் வழிகாட்டி என்ற மதிப்போடு முன்னால் நடக்கிறார். செடிகளின் பெயர்ப் பட்டியலை யாரும் வெளியே எடுத்துப்போக வேண்டியிருக்கவில்லை. அறிவு, அதை உடையவரின் நாவில் இருந்தபடியே அவருக்குச் சோறு போடுகிறது.

பிலிகிரியில் இதற்குச் சட்டத்தின் அடித்தளமும் இருக்கிறது. தேன், நெல்லிக்காய், கல்பாசி ஆகியவற்றை விற்பனைக்குச் சேகரிப்பது 2006இல் இங்கே தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2011 ஜனவரியில் இம்மலை புலிகள் காப்பகமானது. அதே ஆண்டில் சோளகரின் கிராம சபைகள் சமூக வன உரிமையைப் பெற்றன. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் பழங்குடிகள் இவ்வுரிமையைப் பெற்றது இந்தியாவில் அதுவே முதல் முறை என்று பேசப்பட்டது. எனவே இக்காட்டை வைத்து யார் எதைத் தொடங்குவதானாலும், பேச வேண்டிய இடம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது.

எனக்கு வந்த மின்னஞ்சலை நான் அங்கேதான் கொண்டுபோனேன். என் ஒலிப்பதிவுகளுக்கு மக்கள் தந்த ஒப்புதல் ஆய்வுக்கு மட்டுமானது; வேறு எதற்கும் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. அதைச் சொல்லி, கடிதத்தைக் கன்னடத்தில் படித்துக் காட்டினேன். வேண்டாம் என்று யாரும் உடனே சொல்லவில்லை. கேள்விகள் கேட்டார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள்? தண்ணீர் எந்த ஓடையிலிருந்து எடுப்பார்கள்? குப்பையைக் கீழே கொண்டுபோவது யார்? எங்கள் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை, தட்டுக் கழுவுவதா, வழி காட்டுவதா? கடைசியாக ஓர் இளம்பெண் கேட்டாள்: "இரவில் எங்களில் ஒருத்திக்கு வலி கண்டால், அவர்கள் வண்டி வருமா?"

அந்தக் கேள்விக்கு முன் நலச் சுற்றுலா என்ற சொல்லே எனக்குச் சிறுத்துப்போனது. சாலையிலிருந்து விலகிய போடுகளில் இருட்டிய பிறகு மருத்துவமனைக்குப் போவது எளிதல்ல. யானை நடமாடும் வழி. அரிவாள் செல் இரத்தசோகை இந்தியாவில் முதன்முதலில் 1952இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது. சாமராஜநகர் மலைகளிலும் அது உண்டு. அதை ஒழிப்பதற்கான தேசியத் திட்டம் வந்தது 2023இல். 1981இல் மருத்துவர் எச். சுதர்சன் இம்மலையில் விவேகானந்தா கிரிஜன கல்யாண கேந்திரத்தைத் தொடங்கிச் சோளகர் நடுவே தங்கி மருத்துவம் பார்த்தார். நலம் இம்மலையை நோக்கிப் பயணம் செய்த வரலாறு அது. நகரத்தவர் நலம் தேடி மலையேறும் இந்தப் புதிய பயணம், அந்த வரலாற்றைக் கொஞ்சமேனும் நீட்டிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசையா?

கேள்விகளை எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினேன். 'பரிசீலிக்கிறோம்' என்று ஒரு வரி வந்தது. அதன் பின் கடிதம் இல்லை. அவர்கள் வேறு யாரிடமாவது பட்டியலை வாங்கியிருக்கலாம். முகாமை வேறு மலைக்கு மாற்றியிருக்கலாம். கிராம சபை அந்தக் கேள்விகளைத் தன் பதிவேட்டில் எழுதி வைத்துக்கொண்டது. அடுத்து யார் வந்தாலும் முதலில் அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது முடிவு.

கோபித்த நண்பருக்கு என் பதில் இதுதான். வருமானம் வரட்டும். ஆனால் சொல்லுக்கு ஒருமுறை கொடுத்து முடிக்கும் விலையாக அது என் கணக்கில் வந்து சேர வேண்டாம்; காட்டோடு நடக்கும் ஒவ்வொரு நாளுக்குமான கூலியாகவும் பங்காகவும் அவர்கள் கணக்கில் சேரட்டும். முகாம் காப்பகத்துக்கு வெளியே, பழைய கட்டடங்களில் இருக்கட்டும். காட்டுக்குள் நடை மட்டும் போதும். எண்ணிக்கையைக் கிராம சபையும் வனத்துறையும் சேர்ந்து முடிவு செய்யட்டும். காய்ச்சல் பரவும் வாரங்களில் வாயில் மூடட்டும். உண்ணிச்செடியை அகற்றும் வேலைக்குக் கட்டணத்தில் ஒரு பகுதி போகட்டும். இரவு வண்டி ஒன்று போடுகளுக்கென்று நிற்கட்டும். இவற்றில் எதுவும் நடக்க முடியாத காரியம் இல்லை. இவை இல்லாமல் 'நீடித்த' என்ற அடைமொழியைச் சுற்றுலாவின் முன் சேர்ப்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இதைப் படிப்பவர்களில் சிலர் இந்தக் கோடையில் ஏதேனும் ஒரு மலைக்குப் போகத்தான் போகிறீர்கள். போய் வாருங்கள், உங்கள் உடம்புக்கும் மனத்துக்கும் அது தேவை. முன்பதிவு செய்வதற்கு முன் விடுதிக்காரரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: எங்களை உள்ளே அழைத்துப்போகிறவர் இந்த மலைக்காரரா? நாங்கள் கொடுக்கும் பணத்தில் அவர் ஊருக்கு என்ன போகிறது? அவர் வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் எங்கே போவார்? மூன்றாவது கேள்விக்கு விடை தெரிந்த விடுதி கிடைத்தால், அதன் பெயரை எனக்கும் சொல்லுங்கள்.